காய்ச்சல் விட்ட ஐந்தாம் நாள்

நவம்பர் 2, ஞாயிறு

பேசாமல் இருந்தது போதும். நான்கு வருடங்களாக யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் புலம்பல் என்பார்கள். சொல்லாவிட்டால் தப்பு என் பேரில்தான் என்று முடிவு கட்டுகிறார்கள். இனி எழுதி வைக்கப் போகிறேன்.

இன்று மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது தெரு மாறி வந்துவிட்டேன். அரசியின் மருத்துவமனைக்குப் புதுப் பலகை வைத்திருக்கிறார்கள். உள்ளே விளக்கு எரிகிற பலகை. டாக்டர் மங்கையர்க்கரசி, குழந்தைகள் நல மருத்துவர். என் உடன்பிறந்த தங்கை. எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் ஏழு நிமிடம். நான்கு வருடமாக அந்தத் தெருவைத் தவிர்த்துக் கறிக்கடைச் சந்து வழியாகச் சுற்றிப் போகிறேன்.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். அவள் மகன் தருணுக்குக் காதுகுத்து. எங்களில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அவனுக்கு ஒரே தாய்மாமன் நான். குலதெய்வக் கோயிலுக்குப் போகிற வழியில் பஸ் நின்றுவிட்டது. இருபத்தைந்து நிமிடம் தாமதம். நான் போய்ச் சேரும்போது பெரியப்பா மகன் சௌந்தர் மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான், காதெல்லாம் சிவந்து. “நல்ல நேரம் போயிருமேன்னு பார்த்தோம்ண்ணே” என்று அரசி சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டே. நான் சாப்பிடாமல் திரும்பி வந்தேன்.

நானும் ஒரு காலத்தில் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தவன். அரை மதிப்பெண்ணில் போனது. எட்டு வருடம் கழித்து அவள் என் நோட்டுகளை வைத்துப் படித்துத்தான் சீட்டு வாங்கினாள். அது வேறு விஷயம். குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

நவம்பர் 3, திங்கள்

இன்று குழாயில் தண்ணீர் வந்தது. பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது. மூன்று டிரம், எட்டுக் குடம், குளியலறைத் தொட்டி எல்லாம் நிரப்பினேன். நகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்கிற பெண் வந்தாள். கதவைத் தட்டாமல் நேராக உள்ளே நடந்தாள். ஆசிரியர் வீடு, அழைப்பு மணி இருக்கிறது, அடித்துவிட்டு வரலாம் அல்லவா? திருப்பி அனுப்பிவிட்டேன்.

பாப்பா பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டாள். தலைவலி. 101.4. பாராசிட்டமால் கொடுத்தேன். என் மகள் பிரகதிக்கு எட்டு வயது. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்தவள். என் மனைவி சுகந்திக்கு அதனால் எதற்கெடுத்தாலும் பயம்.

“காலைல அரசிகிட்ட ஒரு எட்டுக் காட்டிட்டு வந்துரலாமாங்க?”

“ஒரு நாள் காய்ச்சலுக்கு டாக்டரா? மூணு நாள் பார்க்கணும்னு அவங்களே சொல்றாங்க.”

எந்த மருத்துவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

நவம்பர் 4, செவ்வாய்

காலை 102.6. மருந்துக்கடை ஜெயபாலிடம் போனேன். “சார், சாதா காய்ச்சல் மருந்து கேக்காது. இது வலிக்கும் சேத்துக் கேக்கும்” என்று ஒரு சிரப் கொடுத்தான். ஒரு மணி நேரத்தில் வியர்த்து 100க்கு இறங்கியது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து பொம்மைக்குச் சடை பின்னினாள். நான் இயற்பியல் ஆசிரியன். இருபத்தாறு வருடமாக அளப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்கிறவன். வரைபடத் தாள் எடுத்து அச்சு போட்டு மூன்று மணிக்கு ஒருமுறை குறிக்க ஆரம்பித்துவிட்டேன். டாக்டர்கள் செய்வதைவிட ஒழுங்காகவே இருக்கிறது.

சுகந்தி துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போய் அரை மணி நேரம் இறங்கவில்லை. வெளியே தூறல்.

நவம்பர் 5, புதன்

103. மூன்றாவது நாள்.

சுகந்தி கையிலிருந்து சிரப் பாட்டில் விழுந்து உடைந்தது. முக்கால் பாட்டில் இருந்தது. இவளுக்கு எதைத்தான் ஒழுங்காகப் பிடிக்கத் தெரியும்? ஜெயபாலிடம் இன்னொன்று வாங்கி வருகிறேன் என்றேன். “வேண்டாங்க. பாராசிட்டமால் மட்டும் போதும்” என்றாள். இவள் எப்போது மருந்து படித்தாள்?

ஊரில் இன்னொரு குழந்தை மருத்துவர் இருக்கிறார். மாநாட்டுக்குப் போயிருக்கிறார், திங்கள்கிழமை வருவாராம். அரசு மருத்துவமனையில் பணியில் இருப்பவன் என் பழைய மாணவன் ராஜவேல். இரண்டு முறை என் பாடத்தில் தோற்றவன். அவன் முன்னால் போய் நிற்க முடியாது. சித்தா பிரிவில் நிலவேம்புக் குடிநீர் மட்டும் வாங்கி வந்தேன். பாப்பா ஒரு வாய் குடித்துவிட்டு “அப்பா, இதுக்குக் காய்ச்சலே பரவால்ல” என்றாள். சிரிக்கிற பிள்ளைக்கு என்ன ஆகிவிடும்?

சனிக்கிழமை மதுரைக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். நாளைக்கே போகலாம், ஆனால் விடுப்பு கேட்டுக் கதிரேசன் முன்னால் நிற்க வேண்டும். என்னைவிட ஆறு வருடம் இளையவன். தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு “சொல்லுங்க சார், என்ன விஷயம்” என்பான்.

சமையலறை காலண்டரில் இன்றைய தேதிக்குக் கீழே பென்சிலால் நான்கு கோடு. பால் கணக்காக இருக்கும்.

நவம்பர் 6, வியாழன்

காலை 102.8. மதியம் 103.2. இரவு 102. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் நாற்பத்திரண்டு திருத்தினேன். ஒருவனுக்கும் வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

காய்ச்சல் விட்டது.

காலை ஏழு மணிக்கு 99. பத்து மணிக்கு, நான் பள்ளியில் இருக்கும்போது சுகந்தி எடுத்தது, 98.4. மாலை 98. மருந்து கொடுக்காமலே. கோடு மலையிலிருந்து இறங்குகிற மாதிரி இறங்கியிருக்கிறது. ஊசி இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. ஐந்து நாள். உடம்பு தன்னைத் தானே சரி செய்துகொள்ளும், கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். மதுரைப் பயணம் தேவையில்லை.

பாப்பா களைத்துத் தூங்குகிறாள். ஐந்து நாள் காய்ந்த உடம்பு. மாலை ஒரு இட்லி சாப்பிட்டு வாந்தி எடுத்தாள். வயிறு வலிக்கிறதாம். வெறும் வயிற்றில் இருந்தால் வலிக்கத்தான் செய்யும்.

சுகந்தியிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவள் முகம் தெளியவில்லை.

“கையத் தொட்டுப் பாருங்க. சில்லுன்னு இருக்கு.”

“காய்ச்சல் விட்டா சில்லுன்னுதான் இருக்கும்.”

“காலைல இருந்து ஒரு தடவைதான் ஒண்ணுக்குப் போயிருக்கா.”

“இதையெல்லாமா எண்ணிக்கிட்டு இருக்க?”

அவள் காலண்டரைப் பார்த்தாள். செவ்வாய் ஐந்து, புதன் நான்கு, வியாழன் மூன்று. இன்று ஒரே ஒரு கோடு. பால் கணக்கில்லை.

நவம்பர் 8, சனி

இதை மருத்துவமனை மாடியில், பாப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும்.

காலை எட்டு மணிக்கு 97.6. பாப்பாவை எழுப்பினேன். கண்ணைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். “பாப்பா, டிவி போடவா?” என்றேன். வேண்டாம் என்று தலையைக்கூட ஆட்டவில்லை. தூக்கம் பாக்கி என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்றுதான் எழுத முடியும்.

சுகந்தி செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“நான் தூக்கிட்டுப் போறேன். நீங்க வரவேண்டாம்.”

“எங்க?”

“அரசிகிட்ட. காய்ச்சல் விட்டதும் சொல்லணும்னு செவ்வாக்கிழமையே சொல்லியிருந்தா. நேத்தே நான் கூப்பிட்டிருக்கணும். நீங்க அந்தத் தாளைக் காட்டிச் சந்தோஷப்பட்டதுல எனக்கும் சரிதானோன்னு ஆகிப்போச்சு.”

செவ்வாய்க்கிழமையே. மாடியில் துணி காயப்போட்டது புரிந்தது. ஐந்து நாளாக என் வீட்டில் என் பிள்ளைக்கு என் தங்கை வைத்தியம் பார்த்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல்.

கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுதப் போவதில்லை. காதுகுத்து வரைக்கும் போனேன். “என்னை அவமானப்படுத்தினவகிட்டயா? பஸ் நின்னதுக்கு இருபத்தஞ்சு நிமிஷம் பொறுக்க முடியலையா அவளுக்கு?” என்றேன்.

சுகந்தி மெதுவாகத்தான் சொன்னாள். “பஸ் எங்கங்க நின்னுச்சு? நானும் அதே பஸ்லதான வந்தேன். பத்திரிகைல உங்க பேருக்குப் பின்னால படிப்பப் போடலன்னு, காத்திருக்கட்டும்னு சொல்லி ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு மூணாவது பஸ்ல ஏறுனோம்.”

அவள் போனை எடுத்தாள். நான் அதைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்போது மணி ஒன்பதேகால். பாப்பா கட்டிலில் இருந்தாள். சுகந்தி என்னோடு சண்டை போடவில்லை. போய்ப் பிள்ளையின் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். நாற்பத்தைந்து நிமிடம். என்ன செய்தி என்று கேட்டால் தெரியாது.

பத்து மணிக்கு நெஞ்சுக்கு மேலே போன் அதிர்ந்தது. அரசி. விட்டுவிட்டேன். மறுபடி அடித்தது. விட்டுவிட்டேன். மூன்றாவது முறை, நிறுத்துவதற்காகத்தான் எடுத்தேன். காதில் வைத்தது ஏன் என்று தெரியவில்லை.

“அண்ணி, ஏன் எடுக்கல? காய்ச்சல் இருக்கா விட்ருச்சா? கையி சில்லுன்னு இருக்கா? ஒண்ணுக்கு எப்பப் போனா?”

மூச்சு விடாமல் கேட்டாள். எங்கள் அம்மா கேட்கிற மாதிரி.

“அண்ணி?”

“சில்லுன்னு இருக்கு” என்றேன்.

நான்கு வருடம் கழித்து என் குரலைக் கேட்கிறாள்.

“அண்ணே. பிள்ளையத் தூக்கிட்டு வா. சட்டை மாத்திக்கிட்டு நிக்காத. இப்ப வா.”

லுங்கியோடுதான் போனேன். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டேன். பிள்ளையின் தலை என் கையில் தொங்கியது. ஏழு நிமிட நடை, ஆட்டோவில் மூன்று நிமிடம். அந்தத் தெருவில் திரும்பினால் எவ்வளவு பக்கம் என்பதை மறந்தே போயிருந்தேன்.

அரசி வாசலிலேயே நின்றாள். டோக்கன் வரிசையில் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை அவள் பார்க்கவில்லை. பாப்பாவின் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டு, வாய்க்குள் எண்ணினாள். வெளுத்த நகம் சிவக்கவே இல்லை. “ரெஜினா, ட்ரிப் செட் எடு, ஓடு” என்றாள். நர்ஸ் உண்மையிலேயே ஓடினாள்.

“கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா?”

“காலைல” என்றேன்.

“நேத்து மதியம்” என்றாள் சுகந்தி.

அரசி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மதியம் என்று எழுதிக்கொண்டாள்.

“அந்த சிரப்பு எத்தனை நாள் குடுத்தீங்க?”

“ஒரே நாள்தான். நீ சொன்ன மறுநாளே கீழ போட்டுட்டேன்” என்றாள் சுகந்தி. விழுந்துவிட்டது என்று சொல்லவில்லை. போட்டுட்டேன் என்றாள்.

“நல்ல வேளை. டெங்குல அதக் குடுத்தா வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சிரும்.”

டெங்கு. வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை. நான் சொல்லவிடவில்லை.

வரைபடத் தாளை நீட்டினேன். ஏன் எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை. அவள் ஊசி இறங்குகிறதா என்று ஒரு கண்ணும் தாளில் ஒரு கண்ணுமாகப் பார்த்தாள்.

“அழகாப் போட்டிருக்க. அச்சுக்கெல்லாம் அலகு எழுதியிருக்க.” பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, கோடு சரிந்து 98.4ஐத் தொடுகிற இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். “இங்க வந்திருக்கணும்ண்ணே. காய்ச்சல் அடிக்கையில இல்ல, விடும்போதுதான் ரத்தக்குழாயில இருந்து தண்ணி கசியும். பிரஷர் இறங்கும். எல்லாரும் விட்ருச்சுன்னு நிம்மதியா வீட்டுல இருப்பாங்க. ஒரு நாளைக்கு நாப்பது பேர்கிட்டச் சொல்றேன். பலகையில எழுதிப் போட்டேன். எவனும் படிக்கல.”

“நான் இந்தப் பக்கம் வர்றதில்ல” என்றேன்.

“அது தெரியும்.”

நவம்பர் 9, ஞாயிறு

ரத்தத்தில் தட்டணு இருபத்து நான்காயிரம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. மதுரைக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் சொல்லிக் கீழே நிற்கிறது. பிரஷர் கொஞ்சம் நிலைத்தால்தான் வண்டியில் ஏற்றலாம் என்கிறார்கள். அரசி வீட்டுக்குப் போகவில்லை. மணிக்கொரு தரம் வந்து நகத்தை அழுத்துகிறாள். இப்போது எனக்கும் எண்ணத் தெரியும். இரண்டுக்குள் சிவக்க வேண்டும். நான்கு வரை எண்ணுகிறேன்.

பிள்ளையின் ஈறில் ரத்தம்.

நவம்பர் 9, மாலை

நான்கு.

நவம்பர் 9, ஒன்பது மணி

மூன்று. ஒரு தடவை ஒன்றுக்குப் போனாள். சுகந்தி கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அரசி வந்து அளவு பார்த்து எழுதிவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான்கு வருடமும் பேச்சு நிற்கவே இல்லை என்று பார்த்தாலே தெரிகிறது. கோபப்பட முயன்றேன். வரவில்லை.

நவம்பர் 10, திங்கள்

கதிரேசனுக்குப் போன் செய்தேன். “பிள்ளையப் பாருங்க சார். லீவு லெட்டரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், உங்க வகுப்ப நான் எடுக்கிறேன்” என்றான். நல்லவனாகத் தெரிய வேண்டும் என்று பேசினானா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். யோசித்துப் பிடிபடவில்லை.

தட்டணு முப்பத்தோராயிரம். நகம் இரண்டில் சிவக்கிறது. ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பக்கத்துக் கட்டிலில் ஏழு வயதுப் பையன். அவன் அப்பா முனியசாமி, சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். மதியம் துணியையெல்லாம் பையில் திணித்துக்கொண்டிருந்தார்.

“கிளம்புறீங்களா?”

“ஆமா சார். காலைல இருந்து காச்சலே இல்ல. நல்லாருக்க பயல எதுக்குப் படுக்கப் போட்டுக்கிட்டு? நான் வண்டிய எடுத்து மூணு நாளாச்சு. டாக்டரம்மா கீழ ஓபில இருக்காங்க, நர்சுகிட்டச் சொல்லிட்டுப் போயிருவோம்.”

நான் எழுந்து பையனின் கையைத் தொட்டுப் பார்த்தேன். நகத்தை அழுத்தினேன். மூன்று.

“போகாதீங்க.”

“ஏன் சார்?”

வரைபடத்தை எடுத்துக் காட்டினேன். சிவப்பு வட்டத்தைக் காட்டினேன். இந்த இடத்தில்தான் என் பிள்ளை போகப் பார்த்தாள் என்றேன்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நீங்க படிச்சவுக சார். ஒங்களுக்கு இதெல்லாம் தெரியும். நமக்கு யாரு சொல்றா?”

“எனக்குத் தெரியாது. எங்க வீட்டுல சொன்னா. நான் கேட்கல.”

அவர் என் லுங்கியைப் பார்த்தார். மூன்று நாளாக அதே லுங்கி. பிறகு பையை அவிழ்த்துத் துண்டை எடுத்துக் கட்டில் கம்பியில் மறுபடி போட்டார். மாலையில் அந்தப் பையனுக்குப் பிரஷர் இறங்கியது. மருத்துவமனையில் இருந்ததால் அரை மணி நேரத்தில் சரியானது.

நவம்பர் 11, செவ்வாய்

தட்டணு எழுபதாயிரம். பாப்பா எழுந்து உட்கார்ந்து முதலில் கேட்டது, “அத்தை, தருண் எங்க?” தருண் பள்ளி விட்டு வந்தான். பதினோரு வயதாகிவிட்டது. காதில் சின்னக் கடுக்கன். என்னைப் பார்த்து “வாங்க மாமா” என்றான். வந்து நான்கு நாள் ஆகிறது என்று சொல்லவில்லை.

அரசி இரண்டு டீ கொண்டுவந்து ஒன்றை என்னிடம் நீட்டினாள். ஜன்னலோரமாக நின்று குடித்தோம்.

“எளச்சிட்டண்ணே.”

“நீயும்தான்.”

“நான் எங்க எளச்சேன்? கண்ணாடிய மாத்து.”

காதுகுத்து பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் நிற்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். டீ முடிந்துவிட்டது. கீழே கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

நவம்பர் 12, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மூன்று டிரம்மையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினேன். தண்ணீர் வர இன்னும் சில நாள் ஆகும். பரவாயில்லை. சுகந்தியின் போனை அவளிடம் கொடுத்தேன். சனிக்கிழமையே கொடுத்திருக்க வேண்டியது. ஆட்டோவில் ஏறியதிலிருந்து அவள் அதைக் கேட்கவே இல்லை. “சார்ஜ் போட்டிருக்கீங்க” என்றாள்.

நவம்பர் 13, வியாழன்

முனியசாமி சொன்னதே மனதில் ஓடுகிறது. நமக்கு யாரு சொல்றா? எனக்குச் சொல்ல ஆள் இருந்தது, ஏழு நிமிட தூரத்தில்.

செய்தித்தாளின் ஞாயிறு இணைப்பில் வாசகர் பக்கம் வருகிறது. திங்கள் முதல் சனி வரைக்குமான பக்கங்களை வெள்ளைத் தாளில் படி எடுத்தேன். ஊர்ப் பெயர், ஆட்கள் பெயர் எல்லாவற்றையும் மாற்றினேன். வரைபடத்தையும் புதிதாக வரைந்து, சிவப்பு வட்டத்தை நானே போட்டேன். கீழே எழுதினேன்: காய்ச்சல் விட்ட பிறகு கை கால் சில்லிட்டால், வயிறு வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், பிள்ளை சோர்ந்து கிடந்தால், ஒன்றுக்குப் போவது குறைந்தால், காத்திருக்காதீர்கள்.

உறையை ஒட்டிய பிறகு, எழுதியதை மனதில் ஓட்டிப் பார்த்தேன். போன் விஷயத்தை விட்டிருந்தேன். செய்தித்தாள் படித்த நாற்பத்தைந்து நிமிடத்தையும். அவை இல்லாமல் கடிதம் நன்றாகத்தான் இருந்தது. அக்கறையுள்ள ஒருவர், தெரியாமல் கொஞ்சம் தாமதித்துவிட்டார் என்று படிக்கிறவர்கள் நினைப்பார்கள். உறையைக் கிழித்தேன். இரண்டையும் எழுதிச் சேர்த்தேன். ஒன்பதேகால், பத்து என்று மணி போட்டு எழுதினேன்.

சுகந்தியிடம் படிக்கக் கொடுத்தேன். நின்றுகொண்டே கடைசி வரை படித்தாள்.

“பேரு போடப் போறீங்களா?”

“போட்டா உன்னப் பார்த்துத்தான் ஊரு பேசும். நாலு நாளு சும்மாவா இருந்தன்னு. அரசிகிட்ட உங்கண்ணனா இப்படின்னு கேப்பாங்க.”

“அதுக்கா போடல?”

“எனக்கும் பயமா இருக்கு” என்றேன்.

அவள் தாள்களை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் பாப்பாவுக்குக் கஞ்சி ஆற்றப் போனாள்.

கடைசிப் பக்கத்தின் அடியில் ‘ஒரு தகப்பன்’ என்று எழுதினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதையும் அடித்துவிட்டேன். நாளைக் காலை பள்ளிக்குப் போகிற வழியில் இப்படியே, கையெழுத்தில்லாமல், தபால் பெட்டியில் போட்டுவிடுவேன்.